முதல் முறை வெளிநாட்டு வேலை: ஊர் ஏக்கத்தைச் சமாளிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ ஒரு வீட்டுப் பையனுக்கு விசா வந்துவிட்டால் தெருவே கூடி ஆலோசனை சொல்லும். எந்த அளவில் பெட்டி வாங்குவது, கையில் எவ்வளவு பணம் மாற்றி வைத்துக்கொள்வது, இமிகிரேஷனில் என்ன கேட்பார்கள் என்று எல்லாவற்றுக்கும் சொல்ல ஆள் இருக்கும். போய்ச் சேர்ந்த இரண்டாவது வாரம், கேம்ப் அறையின் மேல்கட்டிலில் தூக்கம் வராமல் புரளும்போது என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. அதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். ஊர் ஏக்கம் மனசு சம்பந்தப்பட்டது என்று நினைக்கிறோம். என் கணக்கில் பாதிக்கு மேல் அது கடன் சம்பந்தப்பட்டது. பிடிக்காவிட்டால் திரும்பிவிடலாம் என்று இருப்பவருக்கு வரும் ஏக்கம் இரண்டு நாளில் தணியும். வட்டிக்கு வாங்கிய லட்சங்கள் ஊரில் காத்திருக்க, திரும்ப வழியே இல்லை என்று இருப்பவருக்கு அதே ஏக்கம் பூதமாக வளரும். அதனால் நம் வேலை விமானம் ஏறியபின் தொடங்குவதில்லை. ஏஜென்டைப் பார்க்கப் போகும் நாளிலேயே தொடங்குகிறது.

யாருக்கு இது?

வளைகுடா நாடுகள், சிங்கப்பூர், மலேசியா என்று போகும் ஃபிட்டர், வெல்டர், ரிக்கர், எலக்ட்ரீஷியன், டிரைவர், கப்பலில் ரேட்டிங்காக, அதாவது அதிகாரி அல்லாத ஊழியராகச் சேர்பவர், இவர்கள் எல்லோருக்கும். அவர்களை வழியனுப்பிவிட்டு வீட்டில் இருப்பவர்களுக்கும் இதில் இடம் உண்டு. மேற்படிப்புக்குப் போகிறவர்கள் தங்களுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளலாம்.

என்ன வரும், எப்போது வரும்?

புதிய நாட்டுக்குப் போகிறவர் முதலில் தேனிலவு போல மகிழ்ந்து, பிறகு சோர்ந்து, பிறகு மெல்லத் தேறி, கடைசியில் பழகிப்போகிறார் என்று 1960இல் மானிடவியலாளர் கலெர்வோ ஓபெர்க் எழுதினார். நம் ஆட்களுக்கு அந்தத் தேனிலவு விமான நிலைய விளக்குகளோடு முடிந்துவிடும். அங்கிருந்து கேம்ப்புக்குப் போகும் பஸ்ஸிலேயே சோர்வு ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

அறிகுறிகள் உடம்பில்தான் முதலில் தெரியும். சோறு இறங்காது. களைப்பு இருந்தும் தூக்கம் வராது. சின்ன விஷயத்துக்குக் கோபம் வரும். வேலையிடத்தில் போனை அடிக்கடி எடுத்துப் பார்ப்போம். இது பயந்தாங்கொள்ளித்தனம் இல்லை. எல்லோருக்கும் வரும்; வெளியே காட்டிக்கொள்வதில்தான் ஆளுக்கு ஆள் வேறுபாடு. வார விடுமுறை நாள், பண்டிகை, காய்ச்சல் வந்து படுத்த நாள் ஆகிய மூன்றும் கடினமானவை என்று இப்போதே குறித்துக்கொள்வோம்.

முதல் படி: கடனைக் குறைப்போம்

ஏஜென்டிடம் பணம் கட்டும் முன் அவர் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கிறோம். பதிவு பெற்ற ஏஜென்ட் நம்மிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு ரூ.30,000. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் ரூ.35,400. அதற்கு மேல் கேட்டால், எதற்கு என்று கேட்போம், ரசீது கேட்போம். ரசீது என்றதும் முகம் மாறுகிறவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுவது நல்லது.

தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்குகிறது. முதலில் அங்கே பதிவு செய்துவிட்டு, பிறகு தனியார் பக்கம் போகலாம். நம் ஆட்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக ஈசிஆர் வகையில் வரும். வளைகுடாவின் ஆறு நாடுகளும் மலேசியாவும் உட்பட 18 நாடுகளுக்கு இவர்கள் வேலைக்குப் போகக் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். சென்னையிலும் அந்த அலுவலகம் இருக்கிறது. அலைச்சல்தான், ஆனால் ஒப்பந்தத்தை ஒரு அரசு அதிகாரி பார்க்கிறார் என்பது நமக்குப் பாதுகாப்பு. சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே அங்கே போகிறவர் தன் காகிதங்களைத் தானே இரட்டிப்புக் கவனத்தோடு படிக்க வேண்டும்.

சிங்கப்பூர் வேலைக்கு முதலில் ஐபிஏ என்ற கடிதம் வரும். அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் எல்லாம் அதில் இருக்கும். கிளம்பும் முன்பே தமிழில் அது நம் கைக்கு வர வேண்டும். ஏஜென்ட் வாயால் சொன்ன சம்பளமும் அதில் உள்ள சம்பளமும் ஒன்றா? இல்லையென்றால் அங்கேயே நிற்போம். ஓவர்டைம் சேர்த்துச் சொன்ன தொகையை நம்பிக் கடன் வாங்கியவருக்கு, ஓவர்டைம் இல்லாத மாதத்தில் வீட்டு நினைப்பு மும்மடங்காக வரும்.

கடன் வாங்கியே ஆக வேண்டுமென்றால், ஓவர்டைமை விட்டுவிட்டு அடிப்படைச் சம்பளத்தில் மட்டும் எத்தனை மாதத்தில் அடையும் என்று ஒரு தாளில் எழுதுவோம். ஆறு மாதத்தைத் தாண்டினால் இந்த வேலை வேண்டுமா என்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசுவோம். மணலியிலோ அத்திப்பட்டிலோ கிடைக்கும் வேலையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

எவ்வளவு செலவாகும்?

மனசுக்குத் தெம்பு தரும் ஏற்பாடுகளுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு என்பதுதான் வேடிக்கை. பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீட்டுக்கு இரண்டு ஆண்டுக்கு ரூ.275, மூன்று ஆண்டுக்கு ரூ.375. விபத்தில் இறப்போ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் ரூ.10 லட்சம். ஈசிஆர் பாஸ்போர்ட்காரர்களுக்கு இது கட்டாயம். புறப்படுவதற்கு முந்தைய ஒரு நாள் பயிற்சி இலவசம். எந்த நாட்டில் என்ன சட்டம், தூதரகத்தை எப்படி அணுகுவது என்று சொல்லித் தருவார்கள். தூங்கி வழியாமல் கேட்போம்.

தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நல வாரியத்தில் உறுப்பினர் பதிவுக் கட்டணம் ரூ.200. சிக்கல் வந்தால் இந்தியாவுக்குள் இருந்து 1800 309 3793 என்ற எண்ணிலும், வெளிநாட்டிலிருந்து +91 80 6900 9901 என்ற எண்ணிலும் அயலகத் தமிழர் நலத் துறையைத் தமிழில் பேசி அணுகலாம். இரண்டையும் போனில் பதிவதோடு நிற்காமல் ஒரு தாளில் எழுதி பாஸ்போர்ட் நகலோடு வீட்டிலும் வைப்போம். போன் தொலைகிற நாளில்தான் இந்த எண்கள் தேவைப்படும்.

ஒரு மாதச் செலவுக்கான பணத்தைத் தனியாக எடுத்து வைப்பது கடைசி ஏற்பாடு. முதல் சம்பளம் கைக்கு வர ஒன்றரை மாதம்கூட ஆகலாம். அந்த நாட்களில் சோப்பு வாங்கவும் சிம்முக்கு ரீசார்ஜ் போடவும் அறைத்தோழரிடம் கை நீட்டி நிற்பது தனிமையை இன்னும் கசப்பாக்கும்.

இரண்டாம் படி: ஒரு மாலை பர்மா பஜாருக்குப் போய்வருவோம்

சிரிக்க வேண்டாம், இதுவும் பயிற்சிதான். பீச் ஸ்டேஷனில் இறங்கினால் ராஜாஜி சாலையில் பர்மா பஜார். 1962இல் நீ வின் தலைமையில் ராணுவம் பர்மாவில் ஆட்சியைப் பிடித்தது. கடைகளும் தொழில்களும் தேசியமயமாயின. லட்சக்கணக்கான இந்தியர்கள் கையில் கிடைத்ததோடு கப்பலேறினார்கள். அவர்களில் தமிழர்கள் பலர் வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் குடியமர்த்தப்பட்டார்கள். பிழைப்புக்காக 1969இல் உருவானது இந்தக் கடைவீதி.

அவர்களில் பலர் ரங்கூனில் பிறந்து வளர்ந்தவர்கள். தாய்நாடு என்று எல்லோரும் சொன்ன இந்தச் சென்னைதான் அவர்களுக்கு அந்நியமான ஊர். தமிழ் தெரியும், ஆனால் நாக்கு வேறு ருசி கேட்டது. என்ன செய்தார்கள்? நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வெங்காயம், புளிக்கரைசல், வறுத்த பூண்டு, மிளகாய்த்தூள் என்று இங்கே கிடைத்ததை வைத்து அத்தோ பிசைந்தார்கள். வாழைத்தண்டு போட்டு மொயிங்கா சூப் காய்ச்சினார்கள். இன்று பஜாருக்கு எதிரே செகண்ட் லைன் பீச்சில் தள்ளுவண்டியைச் சுற்றி நின்று அதைச் சாப்பிடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு ரங்கூன் எந்தத் திசை என்றுகூடத் தெரியாது.

அவர்கள் செய்ததை அப்படியே நாமும் செய்யலாம்: கிடைக்கிற சாமானில் ஊர்ச் சாப்பாட்டை ஒப்பேற்று, அதை அக்கம்பக்கத்துக்கும் கொடு. ராயபுரத்துக்குப் பிழைக்க வந்த பார்சிகளும் எண்ணிக்கையில் சிறிய கூட்டம்தான். 1910இல் தங்களுக்கென்று ஓர் அக்கினிக் கோயில் கட்டிக்கொண்டார்கள், இன்றும் நிற்கிறது. வெளியூர்க்காரர் வேர்விட்ட கதைகள் நம் தெருவிலேயே கிடக்கின்றன.

இன்னொரு வேலையும் பாக்கி. எண்ணூர், மணலி ஆலைகளில் ஒப்பந்த வேலை செய்யும் பீகார், ஒடிசா, வங்காளத்துத் தம்பிகள் யாராவது ஒருவரோடு டீக்கடையில் பேசுவோம். முதல் மாதத்தை எப்படித் தள்ளினாய் என்று கேட்போம். நாளை நாம் இருக்கப்போகும் நிலையில் அவர் இன்று இருக்கிறார். கூடவே நாலு இந்தி வார்த்தை கற்றுக்கொள்ளலாம். வளைகுடா சைட்டுகளில் ஃபோர்மேன் முதல் மெஸ்காரர் வரை இந்தியும் உருதும்தான் ஓடும். அரபி தெரியாவிட்டாலும் பிழைக்கலாம், இது தெரியாவிட்டால் முதல் மூன்று மாதம் ஊமையாக நிற்க வேண்டும்.

மூன்றாம் படி: பெட்டியில் என்ன?

உடைகளைக் குறைத்துக்கொள்ளலாம், எங்கும் கிடைக்கும். பழகிய போர்வை ஒன்று, வீட்டார் படம் ஒன்று காகிதத்தில் அச்சிட்டது, சின்ன பிரஷர் குக்கரோ அடிகனமான பாத்திரமோ ஒன்று, சாம்பார் பொடி, குழம்பு மிளகாய்த்தூள், ஊறுகாய். அறையில் சமைக்க அனுமதி உண்டா என்று முன்பே போனவரிடம் கேட்டுவிட்டுக் குக்கர் வாங்குவோம்.

காசிமேட்டு நெத்திலிக் கருவாடு இல்லாமல் எப்படி என்று அம்மா கேட்பார். போகும் நாட்டின் விதியையும் விமான நிறுவனத்தின் விதியையும் பார்த்து, காற்றுப் புகாமல் கட்டி எடுத்துப் போகலாம். ஆனால் ஆறு பேர் இருக்கும் அறையில் முதல் நாளே அதை வறுத்தால் நட்பு அன்றோடு முடிந்தது.

கசகசா வேண்டவே வேண்டாம். ஐக்கிய அரபு அமீரகம், சவுதி, சிங்கப்பூர் மூன்றிலும் அது தடை செய்யப்பட்ட பொருள். வீட்டில் அரைத்த கறி மசாலாவில் கசகசா கலந்திருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டு உறுதி செய்துகொள்வோம். குட்கா, ஹான்ஸ் எதையும் தொட வேண்டாம். இருமல் சிரப், வலி மாத்திரை, தூக்க மாத்திரைகளில் சில அந்த நாடுகளில் போதைப்பொருள் பட்டியலில் இருக்கும். மருத்துவர் சீட்டு இல்லாமல் எந்த மாத்திரையும் வேண்டாம். பிறர் கொடுத்தனுப்பும் பார்சலை நம் கண் முன்னால் பிரித்துக் காட்டச் சொல்வோம். சொந்த மச்சானாக இருந்தாலும்தான்.

நம் இந்திய சிம்மை அணைத்துவிடாமல் ரோமிங் போட்டு உயிரோடு வைப்போம். வங்கியின் ஓடிபி வராமல் வீட்டுக்குப் பணம் அனுப்ப முடியாத இரவு ஒன்று போதும், மனசு உடைய.

நான்காம் படி: முதல் வாரம்

போனதும் மூன்று காரியம். வேலை அனுமதி அட்டை, பாஸ்போர்ட், ஒப்பந்தம் எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புகிறோம். தங்கும் இடத்தின் முழு முகவரியை எழுதி அனுப்புகிறோம். பாஸ்போர்ட்டை யார் வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கிறோம். முதலாளி பிடுங்கி வைத்துக்கொள்ள சிங்கப்பூரிலும் அமீரகத்திலும் சட்டம் இடம் தருவதில்லை.

அதன்பின் அறையில் மூத்தவர் யார் என்று கண்டுபிடிப்போம். ஒவ்வொரு கேம்ப்பிலும் பத்துப் பதினைந்து வருடம் ஓட்டிய ஓர் அண்ணன் இருப்பார். கடலூரோ ராமநாதபுரமோ, எந்த ஊராகவும் இருக்கலாம். "அண்ணே, இங்க எது எப்படின்னு கொஞ்சம் சொல்லிக் குடுங்கண்ணே" என்று கேட்டால் மறுக்கமாட்டார்.

சமையல் முறையில் சேர்வது எல்லாவற்றையும்விட முக்கியம். நாலைந்து பேர் சேர்ந்து சாமான் வாங்கி, நாளுக்கு ஒருவர் சமைப்பது கேம்ப்புகளில் வழக்கம். தனியாக மெஸ்ஸில் சாப்பிடுவதோடு ஒப்பிட்டால் செலவு மிச்சமாகும் என்பது ஒரு லாபம். நாம் வேலைக்குப் போய்த் திரும்பாவிட்டால் தட்டு ஒன்று குறைகிறதே என்று கவனிக்க நாலு பேர் இருப்பார்கள் என்பது அதைவிடப் பெரிய லாபம். சமைக்கத் தெரியாதா? வெங்காயம் உரிக்கவும் பாத்திரம் கழுவவும் தெரிந்தால் போதும், சேர்த்துக்கொள்வார்கள்.

ஐந்தாம் படி: போனை எப்படிப் பயன்படுத்துவது?

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். நம் காலத்து ஏக்கத்துக்கு மருந்தும் போன்தான், நோயும் போன்தான். கடிதம் வர மூன்று வாரம் காத்திருந்த தலைமுறைக்கு இல்லாத ஒரு தொல்லை நமக்கு உண்டு: வீட்டின் ஒவ்வொரு நிமிடமும் தெரிகிறது, எதையும் செய்ய முடிவதில்லை.

முதலில் நேரக் கணக்கு. துபாயில் இரவு 9 மணி என்றால் சென்னையில் 10.30. சவுதி, குவைத், கத்தாரில் இரவு 9 என்றால் இங்கே 11.30, குழந்தைகள் தூங்கிப்போயிருக்கும். சிங்கப்பூரில் இரவு 9 என்றால் இங்கே மாலை 6.30தான். ஷிஃப்ட் முடிகிற நேரத்தையும் வீட்டார் தூங்கும் நேரத்தையும் வைத்து ஒரு நேரத்தை நிலையாகப் பேசி வைப்போம். அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் செய்தி போகும், அழைப்பு போகாது. பாட்டிம் போன்ற அனுமதி பெற்ற செயலிகள்தான். இதை முன்கூட்டியே வீட்டில் சொல்லாவிட்டால், "போன் போட்டா எடுக்கவே மாட்டேங்கிறான்" என்று முதல் வாரமே அழுகை தொடங்கிவிடும்.

தினமும் இரண்டு நிமிடம் குரல் செய்தி, வாரத்தில் இரண்டு நாள் நீண்ட அழைப்பு. நான் பார்த்தவரை இந்த அளவுதான் பெரும்பாலானவர்களுக்குச் சரியாக வருகிறது. வீடியோவை விடிய விடிய ஓடவிட்டுத் தூங்குகிறவர்கள் அங்கேயும் இல்லாமல் இங்கேயும் இல்லாமல் போகிறார்கள். காலையில் சாரத்தில் ஏறும்போது கண் சொருகுகிறது. உயரத்தில் வேலை செய்பவருக்கு அது உயிர் ஆபத்து.

என்ன பேசுவது? பணத்தை முதல் கேள்வியாக வைக்காமல் இருக்க இரு தரப்பும் பழக வேண்டும். மீன் என்ன விலை விற்கிறது, வடிவுடையம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை கூட்டமா, பக்கத்து வீட்டுச் சண்டை முடிந்ததா என்று கேட்போம். வீட்டுச் சண்டைக்குப் போனிலேயே பஞ்சாயத்து செய்யும் வேலை மட்டும் வேண்டாம். எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளியிருந்தாலும் சரி, எண்ணூறு கிலோமீட்டர் தள்ளியிருந்தாலும் சரி, மாமியார் மருமகள் வழக்கில் தீர்ப்பு சொன்னவர் நன்றாகத் தூங்கியதாகச் சரித்திரம் இல்லை.

வடசென்னைக்காரர்களுக்கென்று தனியாக ஒரு பயம் உண்டு. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். அந்த வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படிந்தது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவு, பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, மக்கள் மூச்சுத் திணறி வீட்டை விட்டு ஓடினார்கள். அந்தக் காட்சிகளைப் போனில் பார்த்துக்கொண்டு, வீட்டு எண் கிடைக்காமல் வெளிநாட்டில் ஒருவர் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள்.

இதற்கு ஏற்பாடு முன்கூட்டியே வேண்டும். வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒருவர், வேறு பகுதியில் ஒருவர் என்று இரண்டு பேரின் எண் நம்மிடம் இருக்கட்டும். அவசரம் என்றால் வீட்டார் எந்த உறவினர் வீட்டுக்குப் போவார்கள் என்று முதலிலேயே முடிவு செய்துவிடுவோம். "எல்லாரும் நல்லா இருக்கோம்" என்ற ஒரு வரிக் குறுஞ்செய்தி அனுப்பும் பொறுப்பு வீட்டில் யாருடையது என்றும் சொல்லி வைப்போம்.

ஆறாம் படி: விடுமுறை நாளுக்கு ஓர் உருவம் கொடுப்போம்

வேலை நாட்கள் தாமாக ஓடிவிடும். விடுமுறை நாளில் நாள் முழுக்கக் கட்டிலில் படுத்து ரீல்ஸ் பார்த்தவர் மாலையில் கிழிந்த துணியாகத்தான் எழுந்திருப்பார். காலையில் துணி துவைப்பது, மதியம் சேர்ந்து சமைப்பது, மாலையில் கட்டாயம் வெளியே போவது என்று வைத்துக்கொள்ளலாம்.

சிங்கப்பூரில் ஞாயிற்றுக்கிழமை என்றால் லிட்டில் இந்தியா. டெக்கா மார்க்கெட்டில் முருங்கைக்காய் கிடைக்கும். சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலில் நம் ஊர் முகம் ஒன்றாவது தட்டுப்படும். கூட்டம் பிடிக்காதவர்களுக்குப் பென்ஜுரு, கிராஞ்சி போன்ற இடங்களில் தொழிலாளர் பொழுதுபோக்கு மையங்கள் உண்டு, கிரிக்கெட் ஆடலாம். தேசிய நூலக வாரியத்தின் நூலகங்களில் தமிழ் நூல்கள் இருக்கின்றன. ஏசியில் உட்கார்ந்து படிக்கக் காசு கேட்கமாட்டார்கள். எழுதும் ஆசை இருந்தால், புலம்பெயர்ந்த தொழிலாளர்களுக்கென்று 2014இல் அங்கே தொடங்கிய கவிதைப் போட்டியைப் பற்றி விசாரிக்கலாம்.

துபாயில் கராமாவும் பர் துபாயும். ராயபுரத்துக் கிறிஸ்தவர்களுக்கு ஊத் மேத்தாவின் செயின்ட் மேரீஸ் தேவாலயத்தில் தமிழ்த் திருப்பலி உண்டு. ஜெபல் அலியில் 2022இல் திறந்த இந்துக் கோயில் இருக்கிறது. சவுதியில் இப்படிப் பொதுவில் கும்பிட இடமில்லை. சாமி படத்தை அறைக்குள் மனசோடு வைத்துக்கொள்வோம்.

நம் ஆட்களோடு மட்டுமே பழகுவது சுகம்தான், ஆனால் அதுவே பழகிப்போனால் ஐந்து வருடம் இருந்தும் அந்த ஊர் நமக்கு அந்நியமாகவே இருக்கும். வங்காளதேசத்து வெல்டரோடும் நேபாளத்துக் காவலாளியோடும் டீ குடிப்போம். மாதம் ஒரு முறையாவது காரணமில்லாமல் ஒரு பஸ் ஏறி ஊரைச் சுற்றிப் பார்ப்போம்.

பண்டிகை, காய்ச்சல், சாவுச் செய்தி

பொங்கல், தீபாவளி, கிறிஸ்துமஸ், ரம்ஜான் எதுவானாலும் ஒரு வாரம் முன்பே அறையில் பேசி ஏதாவது ஒன்றைச் செய்வதாக முடிவெடுப்போம். குக்கரில் பொங்கல் வைத்தாலும் பொங்கல்தான். அன்று வீட்டுக்குப் போன் போடுவதைச் சமைத்துச் சாப்பிட்டபின் வைத்துக்கொண்டால் நாள் கொஞ்சம் லேசாகும்.

காய்ச்சல் வந்தால் அடக்கிக்கொண்டு படுக்காமல் சூப்பர்வைசரிடம் சொல்லி மருத்துவரைப் பார்ப்போம்.

வீட்டில் மரணம் என்றால் என்ன செய்வது என்று கிளம்பும் முன்பே பேசிவிட வேண்டும். சங்கடமான பேச்சுதான். நமக்காகக் காத்திருப்பார்களா, மாட்டார்களா. காரியத்தை யார் செய்வார். டிக்கெட்டுக்குப் பணம் எங்கிருந்து வரும்? ஒருவழி டிக்கெட் தொகையை வங்கியில் தொடாமல் வைத்திருப்பவருக்கு அந்த நாள் வந்தாலும் வராவிட்டாலும் இரவில் ஒரு நிம்மதி இருக்கும். திரும்பிப் போக முடியும் என்பது தெரிந்தால் போதும், பாதிப் பேர் திரும்பவே மாட்டார்கள்.

கப்பலில் போகிறவர்களுக்கு

துறைமுகத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் கப்பல் ஆசை இயல்பு. ஆனால் காட்டுப்பள்ளிக்கோ காமராஜர் துறைமுகத்துக்கோ வரும் கப்பலில் இருப்பவர்கள் சில மணி நேரம் நின்றுவிட்டு, ஊரைப் பார்க்காமலே போய்விடுவதுண்டு. இருபது பேர், ஏழெட்டு மொழி, மாதக்கணக்கில் அதே முகங்கள். கரை வேலையின் தனிமையைவிட இது அடர்த்தியானது.

கப்பலுக்கு ஆள் எடுத்து அனுப்புவதற்கான ஆர்பிஎஸ்எல் உரிமம் உள்ள நிறுவனம் வழியாக மட்டும் சேர்வோம். வேலை வாங்கித் தரக் கப்பல் ஊழியரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது விதி. "ஜாயினிங்குக்கு மூணு லட்சம்" என்றால் அது மோசடி. ஒப்பந்தம் எத்தனை மாதம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்வோம். 2024 டிசம்பர் முதல் நடைமுறைக்கு வந்த சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைத் திருத்தத்தின்படி, ஊழியர் வீட்டாரோடு தொடர்புகொள்ள இணைய வசதி தர வேண்டும், கட்டணம் வாங்கினாலும் நியாயமாக இருக்க வேண்டும். சேரும் முன் இதைக் கேட்கலாம், தப்பில்லை.

பெரிய துறைமுகங்கள் பலவற்றில் கப்பல் ஊழியருக்கான மையங்கள் உண்டு. 1856இல் தொடங்கிய மிஷன் டு சீஃபேரர்ஸ், 1920இல் கிளாஸ்கோவில் தொடங்கிய ஸ்டெல்லா மாரிஸ் இரண்டும் கிறிஸ்தவ அமைப்புகள், ஆனால் மதம் பார்ப்பதில்லை. ஒரு வைஃபை, ஒரு கேரம் போர்டு, கப்பல்காரர் அல்லாத ஒரு முகம். கரை இறங்க அனுமதி கிடைத்தால் கடைவீதிக்கு முன் அங்கே போவோம். கப்பலுக்குள் கேபினில் கதவைச் சாத்திக்கொள்ளாமல் நாளுக்கு அரைமணியாவது மெஸ் ரூமில் உட்காருவோம்.

உஷார்

தனிமையில் இருப்பவரைத் தேடி வருகிறவர்கள் உண்டு. முதலில் குடி. குவைத்திலும் சவுதியிலும் மது சட்டவிரோதம். திருட்டுத்தனமாகக் காய்ச்சியது கிடைக்கும். 2025 ஆகஸ்டில் குவைத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து வெளிநாட்டுத் தொழிலாளர்கள் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள், பலர் பார்வை இழந்தார்கள். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் வார இறுதியில் பொது இடத்தில் குடிக்கத் தடை. 2013 டிசம்பரில் அங்கே நடந்த கலவரத்துக்குப் பின் வந்த கட்டுப்பாடு அது.

அடுத்தது, ஆன்லைனில் அன்பாகப் பேசி இரண்டு மாதம் கழித்துப் பணம் கேட்கும் அழகி. அதற்கடுத்து, "உன் வங்கிக் கணக்கைக் கொஞ்சம் கொடு, உன் பேரில் ஒரு சிம் வாங்கிக் கொடு" என்று காசு காட்டுகிறவர். இதில் மாட்டினால் சிறை.

தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, கைநிறையச் சம்பளம், விசா செலவு இலவசம் என்று வந்தால் ஓடிவிடுவோம். அப்படிப் போனவர்களை எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுபோய் இணைய மோசடி வேலையில் அடைத்தார்கள். 2022 அக்டோபரில் 13 தமிழர்கள் அங்கிருந்து மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். சுற்றுலா விசாவில் வேலைக்கு அனுப்புகிற யாரையும் நம்ப வேண்டாம்.

எப்போது உதவி கேட்பது?

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் இல்லை, வேலையில் கை நடுங்குகிறது, யாரோடும் பேசப் பிடிக்கவில்லை என்றால் அது வெறும் ஏக்கம் இல்லை. வாழ்ந்து என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலே போதும், அன்றே பேசிவிட வேண்டும். முதலில் அறையில் இருக்கும் அண்ணனிடம், பிறகு கீழே உள்ள எண்களில்.

சிங்கப்பூரில் புலம்பெயர்ந்த தொழிலாளர்களுக்கு உதவும் ஹெல்த்சர்வ் அமைப்பு 3129 5000, சம்பளப் பிரச்சினை என்றால் புலம்பெயர்ந்த தொழிலாளர் மையம் 6536 2692. அமீரகத்தில் இந்தியத் தூதரகம் சார்ந்த உதவி மையம் 800 46342. ஊரில் இருக்கும் வீட்டாருக்கு மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, கட்டணமில்லை. 1986 முதல் சென்னையில் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகா 044-24640050. பிரிவு வலி போனவருக்கு மட்டுமானது என்று நினைத்துக்கொண்டு மனைவியும் அம்மாவும் வாயை மூடிக்கொண்டிருப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். அவர்களும் பேசட்டும்.

ஒப்பந்தம் முடியும்போது

முடிய மூன்று மாதம் இருக்கும்போது ஒரு தாளை எடுப்போம். கடன் எவ்வளவு மிச்சம், கையில் எவ்வளவு சேமிப்பு, உடம்பு எப்படி, வீடு எப்படி என்று நான்கு வரி எழுதுவோம். ஏஜென்ட் கேட்பதற்கு முன்பே நாம் முடிவெடுத்திருக்க வேண்டும். நீட்டிப்பதானால் காப்பீட்டைப் புதுப்பிக்க மறக்க வேண்டாம், ஆன்லைனிலேயே செய்யலாம்.

ஊருக்கு வரும்போதும் ஒரு விசித்திரம் நடக்கும். குழந்தை அடையாளம் தெரியாமல் அம்மா முந்தானைக்குள் ஒளியும். பழைய கூட்டாளிகள் வேறு கதை பேசுவார்கள். அங்கே இருந்த சமையல் கூட்டம் நினைவுக்கு வரும். முதல் வாரம் விருந்து, உறவினர் வீடு என்று எதையும் வைக்காமல் வீட்டிலேயே இருப்பது நல்லது. டிக்கெட் போடும்போதே இதை வீட்டில் சொல்லிவிடுவோம். இல்லாவிட்டால் மீனம்பாக்கத்துக்கே வேன் பிடித்துக்கொண்டு இருபது பேர் வந்து நிற்பார்கள்.